உப்புக்கோட்டையின் இரண்டாம் பாகம்

மனிதர் கை பட்ட புத்தகத்தை ஆழ்வாப்பிள்ளை வாசிக்க மாட்டார். பண்டத்தரிப்பில் இது எல்லாருக்கும் தெரிந்த சங்கதி. மலாயாவில் இருபது வருடம் ரெயில்வே கிளாக்கராக இருந்து, பென்சனோடு 1926இல் ஊர் திரும்பியவர் அவர். வந்தபின் ஏழு மாயக்கதை நாவல்கள் எழுதி அச்சிட்டார். பறக்கும் தோணியும் பேசும் கிணறும் பகலில் மறைந்து இரவில் முளைக்கும் பட்டணமும் அவர் எழுதியவைதான். வாசிகசாலையில் அவற்றை முறை வைத்து எடுத்து வாசித்தார்கள். வாசிக்கிறவர்களின் கைகளை நினைத்தால்தான் ஆழ்வாப்பிள்ளைக்குக் குமட்டும்.

ஊர் வாசிகசாலைக்குள் அவர் காலடி வைத்தது ஒரே ஒரு முறை. மேசையில் கிடந்த ஒரு நாவலை எடுத்தார். அட்டை முழுக்கப் புகையிலைச் செடியில் கெட்டு என்கிற பக்கத்தளிரை முறித்த கையின் கறுத்த பசை. முதற்பக்கத்தில் சுண்ணாம்பு விரலடையாளம். கதாநாயகி அறிமுகமாகிற பன்னிரண்டாம் பக்கத்தில் நசுங்கிய மூட்டைப்பூச்சி ஒன்று. அது குடித்த இரத்தம் யாருடையதோ. “இவள் கடைசியில் மோசம் செய்வாள்” என்று ஓரத்தில் ஒருவர் பென்சிலால் எழுதியிருக்க, “பொறும், அவசரப்படாதேயும்” என்று அதற்குக் கீழே இன்னொருவர் மறுமொழி எழுதியிருந்தார். எச்சில் தொட்டுப் புரட்டிய மூலைகள் நமத்துப்போன அப்பளம் மாதிரிச் சுருண்டு கிடந்தன. புத்தகத்தைப் போட்டுவிட்டு நேரே கிணற்றடிக்குப் போய்த் தலை முழுகித் தோய்ந்தவர், பிறகு அந்தப் பக்கம் தலை வைத்தும் படுக்கவில்லை.

அவருடைய வாசிப்பு வேறு விதம். அந்தக் காலத்தில் அநேகம் அச்சுக்கூடங்கள் தாளை மடித்துத் தைத்து, ஓரம் வெட்டாமலே விற்றன. வாங்கியவர்தான் மடிப்பைக் கிழித்துப் பக்கத்தைத் திறக்கவேண்டும். ஆழ்வாப்பிள்ளைக்கு அப்படிப்பட்ட புத்தகம்தான் புத்தகம். தமக்கு முன் வேறொருவர் கண் அதற்குள் விழவில்லை என்பதற்கு அந்த மடிப்பு சாட்சி. விடியத் தோய்ந்து, திருநீறு பூசி, தோய்த்துலர்ந்த வேட்டி கட்டிப் பாயில் இருப்பார். புராணம் படிக்கிற சாய்வுப்பலகையில் புத்தகத்தை வைப்பார். ஓலை வார்கிற சத்தகம் என்ற சிறு கத்தியால் அன்றைக்கு வேண்டிய மடிப்பை மட்டும் கிழிப்பார். பக்கம் புரட்டுவதற்குக் கழுவிய ஈர்க்கு ஒன்று உண்டு. விரல் தாளில் படாது.

மற்றவர்களுடைய மாயக்கதைகளை அவர் வாசிப்பதில்லை. இரண்டு பக்கத்துக்குள் பொய் நாறும் என்பார். அவருடைய பெட்டியில் இருந்தவை பினாங்குத் துறைமுகத்தின் வற்றுப்பெருக்கு அட்டவணை, விஷக்கடி வைத்தியம் பற்றிய இரண்டு நூல்கள், ஆகாயத்து நட்சத்திரங்களின் படம் போட்ட ஒரு பெரிய நூல். அட்டவணையைக் கதை வாசிப்பதுபோல வாசிப்பார். தம்முடைய நாவல்களையோ அச்சான பிறகு அவர் திறந்ததே இல்லை. அச்சுக்கோக்கிறவன் வெற்றிலை போட்ட வாயோடு குனிந்து எழுத்துப் பொறுக்கியதைத் தம் கண்ணாலேயே கண்டிருந்தார். ஏழு நாவலிலும் தமக்கு வந்த பிரதிகள் மடிப்புக் கிழியாமல் அலுமாரியில் அடுக்கியிருந்தன.

கதை என்று அவர் வைத்திருந்தது ஒன்றே ஒன்று. ‘உப்புக்கோட்டை இராசகுமாரி, முதலாம் பாகம்’. 1909இல் பினாங்கில் புதிதாக வாங்கியது. கடல் நடுவே உப்பால் கட்டிய கோட்டை. மழை பெய்யப் பெய்யக் கரையும். உள்ளே இராசகுமாரி. அவளை மீட்கப் போன மகரன் உள்ளே நுழைந்ததும் கதவு சாத்திக்கொள்கிறது. வெளியே வெள்ளம் ஏறுகிறது, வானம் கறுக்கிறது. ‘முதலாம் பாகம் முற்றிற்று.’ இரண்டாம் பாகம் கைக்கு வருமுன்னே அந்த அச்சுக்கூடம் பூட்டப்பட்டது. அந்தக் கதவு எப்படித் திறந்தது என்று ஆழ்வாப்பிள்ளை இருபத்தெட்டு வருடமாக யோசித்துக்கொண்டிருந்தார். உண்மையைச் சொன்னால், அவருடைய ஏழு நாவல்களும் அந்த ஒரு கதவுக்கு அவர் போட்டுப்பார்த்த ஏழு சாவிகள். எட்டாவதையும் எழுதி, கடைசி அத்தியாயத்தில் வந்து நின்றுபோனார். அவருடைய நாவல்களை அச்சிடுகிற அச்சுக்கூடத்துக்காரர் இரண்டு முறை ஆளனுப்பிவிட்டார். உண்மையான முடிவு தெரியாமல் இனி ஒரு வரியும் ஓடாது என்று அவருக்குப் பட்டது.

அந்த வேளையில்தான் வாசிகசாலையைப் பார்த்துக்கொள்கிற பஞ்சலிங்கம் வந்தார். வந்தவர் வேலிப் படலையடியில் நின்றபடியே கதைத்தார். தம்முடைய கைகளை ஆழ்வாப்பிள்ளை எப்படிப் பார்ப்பார் என்பது அவருக்குத் தெரியும்.

“அண்ணை, உங்கடை உப்புக்கோட்டைக்கு ரெண்டாம் பாகம் ஒண்டு கிடக்கு.”

ஆழ்வாப்பிள்ளையின் கையிலிருந்த ஈர்க்கு விழுந்தது. எங்கே என்று கேட்டார்.

“மாதகலிலை, நீக்கிலாப்பிள்ளையின்ரை வளவிலை. கருவாடு காயப்போடுற பந்தலுக்குக் கிட்ட எண்டு நினைக்கிறன்.” பஞ்சலிங்கம் அதை மெல்ல, ருசித்துச் சொன்னார்.

வாங்கிவர முடியாதா என்று ஆழ்வாப்பிள்ளை கேட்டார். முடியாதாம். புத்தகம் அந்த வளவை விட்டு வெளிக்கிடாதாம். வேண்டுமென்றால் போய் இருந்து வாசிக்கலாமாம்.

மூன்று நாள் அவருக்குச் சோறு இறங்கவில்லை. மீன் வாடை தெருவில் போனாலே சால்வையால் மூக்கைப் பொத்துகிற மனிதர். நாலாம் நாள் விடிய வேட்டியைக் கட்டுவதும் அவிழ்ப்பதுமாக நின்றவரைக் கண்டு மனைவி ஞானாம்பிகைக்கு அலுத்துவிட்டது.

“இருபத்தெட்டு வருசமா அந்தக் குமரி உப்புக்குள்ளை நிக்கிறாள். போறதெண்டால் போங்கோ, இல்லையெண்டால் என்னை அடுப்பு மூட்ட விடுங்கோ.”

போனார். ஒற்றை மாட்டுத் திருக்கல் வண்டி பிடித்து, மூன்று மைல்கட்டை தூரமும் கற்பூரம் முடிந்த கைலேஞ்சியை மூக்கில் வைத்தபடி போனார். ஈர்க்கையும் மறக்காமல் எடுத்துக்கொண்டார்.

நீக்கிலாப்பிள்ளை ஐம்பது வயதுக்காரர். கரைவலைச் சொந்தக்காரர். தம்முடைய வீட்டுத் தண்ணீரை வந்தவர் தொடமாட்டார் என்பது தெரிந்து, கேளாமலே ஓர் இளநீரைப் பிடுங்கிவந்து சீவாமல் பக்கத்தில் வைத்தார். இருக்கிற வாங்குப் பலகை ஒன்றை வேப்பமர நிழலுக்கு இழுத்துப்போட்டார். பத்து முழத்துக்கு அப்பால் தென்னோலைக் கிடுகின்மேல் பிளந்த மீன்கள் காய்ந்தன. ஈக்கள் கூட்டமாக எழும்பி, சுற்றி, திரும்ப அதிலேயே குந்தின. காற்றுத் திரும்பும்போதெல்லாம் ஆழ்வாப்பிள்ளை மூச்சை அடக்கினார்.

பாய்ச்சீலைத் துண்டில் சுற்றியிருந்த புத்தகத்தை நீக்கிலாப்பிள்ளை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு வந்தார். அவருடைய சின்னையா ஒருவர் கப்பலில் வேலை செய்தபோது பினாங்கில் வாங்கியதாம். மாலையில் கிழிந்த வலை பொத்துகிறவர்களுக்குத் தம்பி அடைக்கலநாதன் உரத்து வாசிப்பானாம். இத்தனை வருடத்தில் நாற்பது தரமாவது முழுதாக வாசித்தாயிற்றாம்.

ஆழ்வாப்பிள்ளை புத்தகத்தைச் சற்று எட்ட வைத்துப் பார்த்தார். ஓரங்கள் தேய்ந்து பழந்துணி மாதிரி ஆகிவிட்டன. தாள் முழுக்க எண்ணெய் ஊறிய மஞ்சள். நடுப்பக்கங்களில் மீன்செதில்கள் ஒட்டிக் காய்ந்து மினுங்கின. மெழுகுதிரிச் சொட்டுகள், கரப்பான் புழுக்கை, வெற்றிலைத் துப்பல் தெறித்த புள்ளிகள். நாற்பது தரம்! எத்தனை எச்சில் இதில் ஊறியிருக்கும் என்று கணக்குப் பார்க்க வந்த மனதை அடக்கிக்கொண்டு, ஈர்க்கை விட்டு அட்டையைத் திறந்தார்.

பக்கம் புரட்ட ஈர்க்குப் போதவில்லை. அழுக்கில் தாளோடு தாள் ஒட்டியிருந்தது. கைலேஞ்சியால் பிடித்துப் பிரித்தார். நாலாம் பக்கத்தில் மகரன் உப்புச் சுவரில் காதை வைத்து இராசகுமாரியின் மூச்சைக் கேட்கிறான். பத்தாம் பக்கத்தில் முதல் மழைத்துளி. எழுதியவர் ஒரு சொல்லைக் கூட்டியோ குறைத்தோ எழுதவில்லை. முப்பதாம் பக்கத்துக்கு வந்தபோது கைலேஞ்சி மண்ணில் கிடந்தது. வெறும் விரலால் புரட்டிக்கொண்டிருந்தார். காற்றுத் திரும்பியதும் அவருக்குத் தெரியவில்லை.

கோட்டையின் கூரை கரைந்து இருவர் தலையிலும் சொட்டுகிறது. கதவு திறக்கவேண்டும். புரட்டினார்.

அங்கே கதை கெட்டுப்போனது. மகரன் இரண்டு பக்கத்துக்கு அழுதான். “ஆ! பாழும் விதியே! பஞ்சணையில் துயின்ற பூங்கொடி உப்பணையில் துயில்வதோ” என்று கேட்டான். காரணமில்லாமல் மேகத்திலிருந்து ஒரு பொற்தோணி இறங்கி வந்தது. அதன் அணியத்து முன்முனை முட்டிக் கதவு திறந்தது. பெயர்களையெல்லாம் பென்சிலால் வெட்டி வெட்டி எழுதியிருந்தார்கள். அந்தக் கிறுக்கல்களைப் பார்க்கவே கூசியதால் அவற்றின்மேல் கண்ணை நிறுத்தாமல் வாசித்தார். காலையில் மீன்செதிலைக் கண்டு வராத ஓங்காளம் இப்போது வந்தது. இவ்வளவு நேர்த்தியாக எழுதிய மனிதருக்கு என்ன பிடித்தது? அழுகிற இடத்தில் சர்க்கரைப் பாகு. பயப்படுகிற இடத்தில் சந்தனமும் சவ்வாதும். ஒரு தோணியைக் கொண்டுவந்து இடித்துக் கதவைத் திறப்பதற்கா இருபத்தெட்டு வருடம்?

புத்தகத்தை வாங்கில் போட்டார்.

“எந்த மூதேவி எழுதினது உது? ஊத்தை. கருவாட்டு நாத்தத்தையும் சகிக்கலாம், உதைச் சகிக்கேலாது.”

நீக்கிலாப்பிள்ளை சால்வையை எடுத்துத் தோளில் போட்டார், திரும்ப எடுத்தார்.

“ஐயா, கோவியாதேங்கோ. அது நீங்கள் எழுதினது.”

ஆழ்வாப்பிள்ளை புத்தகத்தை வெடுக்கென்று எடுத்தார். தாள் வேறு. அச்செழுத்து வேறு. சோற்றுப்பசையால் ஒட்டிய தையல் தெரிந்தது. ‘மகரன்’ என்ற பென்சில் எழுத்தின் கீழே, வெட்டின கோட்டுக்குள்ளே, ‘சந்திரவதனன்’ என்று அச்சில் இருந்தது. 1929இல் அவர் எழுதிய மூன்றாவது நாவலின் கதாநாயகன். அச்சான பின் ஒரு நாளும் திறந்து பாராத புத்தகம்.

நடந்ததை நீக்கிலாப்பிள்ளை ஒழுங்காகச் சொன்னார். முதல் முறை வாசித்தபோது புத்தகத்தைத் தோணியில் கொண்டுபோனார்களாம். நாளுக்கு ஓர் அத்தியாயம் என்று கடைசிக்கு வருமுன்னே கடல் தண்ணீர் ஏறி, பின்பக்கங்கள் கூழாகிவிட்டன. முடிவை ஒருவரும் வாசிக்கவில்லை. பல வருடம் அப்படியே கிடந்ததாம். வலை பொத்துகிறவர்கள் ஒவ்வொரு தரமும் அந்த இடத்தில் வந்து ஏசினார்களாம். பிறகு நாலைந்து புத்தகங்களை வாங்கி, ஒவ்வொன்றிலும் கடைசிப் பக்கங்களை வெட்டி வைத்துப் பார்த்தார்களாம்.

“மற்றது ஒண்டும் பொருந்தேல்லை, ஐயா. உங்கடையிலை மட்டும்தான் உந்தக் கோட்டையைக் கண்ட ஆள் எழுதின மாதிரிக் கிடந்தது. அதுதான் ஒட்டினம்.”

அந்த முடிவைத் தாம் திருத்தி எழுதித் தருவதாக ஆழ்வாப்பிள்ளை சொன்னார். அடுத்த கிழமையே கொண்டுவருவதாகச் சொன்னார்.

“வேண்டாம், ஐயா. மகரன் அழுகிற இடத்திலை சனம் சிரிச்சுப் பழகிப்போச்சு. வலை பொத்துறதுகள் அந்த இடத்துக்கெண்டே பாத்துக்கொண்டிருக்குங்கள். இனி மாத்தினால் ஏசுவினம்.”

சிரிப்பார்களாம். ஆழ்வாப்பிள்ளை அந்த இடத்தை எழுதிய அன்று தாமே கண்கலங்கியிருந்தார்.

இளநீர் சீவாமல் அப்படியே கிடந்தது. அதைச் சீவச் சொல்லி வாங்கிக் குடித்துவிட்டுத் திருக்கலில் ஏறினார். கைலேஞ்சியை எடுக்கவில்லை.

வீட்டில் புளி போட்டு, சாம்பல் போட்டு, தேசிக்காய் பிழிந்து கை கழுவினார். மணம் போய்விட்டது என்று ஞானாம்பிகை முகர்ந்து பார்த்துச் சொன்னாள். அவர் நம்பவில்லை. பிறகு அலுமாரியைத் திறந்து, தம்முடைய ஏழு நாவல்களையும் இறக்கி, சத்தகத்தால் மடிப்புகளைக் கிழிக்கத் தொடங்கினார். தோயவுமில்லை, திருநீறு பூசவுமில்லை. எட்டு நாள் வாசித்தார். பக்கத்துக்குப் பக்கம் முகத்தைச் சுளித்தார். இடையில் ஒருநாள் எழும்பிப்போய் வேலியடியில் துப்பிவிட்டு வந்தார். சாப்பிடக் கூப்பிட்டால், “எல்லாத்திலையும் ஒரு தோணி வருகுதப்பா” என்பாராம்.

எட்டாவது நாவல் 1938 தையில் வெளிவந்தது. அதன் கடைசி வரியில் ஒரு கதவு மூடியபடியே இருக்கிறது. தோணியும் இல்லை, அழுகையும் இல்லை. உண்மையான சாவி கடல் தண்ணீரில் கரைந்த பிறகு, இன்னொரு கள்ளச் சாவி செய்ய அவருக்கு மனம் ஒப்பவில்லை. வாசிகசாலைப் பிரதியின் ஓரங்களில் ஊர் முழுதும் பென்சிலால் ஏசியிருந்தது. அதை ஆழ்வாப்பிள்ளை இரவல் எடுத்துவந்து, வெறுங்கையால் புரட்டி, ஒவ்வொரு ஏச்சையும் ஆற அமர வாசித்தார்.

அந்தப் பங்குனியில் பஞ்சலிங்கம் திரும்பவும் படலையடிக்கு வந்தார். மாதகலில் எட்டாவது நாவலையும் வாங்கிவிட்டார்களாம். முடிவில்லாமல் விடக்கூடாது என்று, மூன்றாவது நாவலில் இன்னொரு பிரதி தேடி, அந்தக் கடைசிப் பக்கங்களையே வெட்டி இதிலும் ஒட்டிவிட்டார்களாம்.

ஆழ்வாப்பிள்ளை மூக்கைச் சுளித்தார்.

“வேறை ஒண்டும் அவங்களுக்கு அம்பிடேல்லையாமோ?” என்றார்.