ஒருத்திக்கு ஒரு பானை: செம்பூரிலிருந்து தாராவிக்கு

பம்பாயில் வேலை கிடைத்து, முதல்முறையாகத் தனியாக அறை எடுத்துத் தங்கப் போகும் ஒரு பெண், அங்கே என்னென்ன பார்க்கலாம் என்று என்னிடம் கேட்டிருந்தார். கடலைப் பற்றியும் பெரிய கட்டடங்களைப் பற்றியும் எழுத நிறையப் பேர் இருக்கிறார்கள். நான் அறுபதுகளில் ஒரு பானை வாங்கப் போன கதையைச் சொல்கிறேன். ஒரு வழி ஐந்து மைல்தான். அதை முடிக்க எனக்கு இரண்டு ஞாயிற்றுக்கிழமைகள் ஆயின.

அப்போது செம்பூரில் ஓர் ஒற்றை அறையில் இருந்தேன். கோட்டைப் பக்கத்து அலுவலகம் ஒன்றில் டைப்பிஸ்ட் வேலை. அண்ணன் குடும்பத்தோடுதான் பம்பாய்க்கு வந்தேன். அவருக்கு மதுரைக்கு மாற்றல் வந்ததும், அறையும் பம்ப் ஸ்டவ்வும் ஆறு பேருக்குச் சோறு வடிக்கும் பெரிய பானையும் எனக்கு மிஞ்சின. அந்தப் பானையில் ஒரு பிடி அரிசியைப் போட்டால் வேகுமுன் அடிபிடிக்கும். இரண்டு தடவை கருக்கிவிட்டு, எனக்கு மட்டும் எதற்கு இந்தப் பாடு என்று விட்டுவிட்டேன். அப்புறம் மூன்று வேளையும் பாவு ரொட்டியும் டீயும்தான். ஞாயிற்றுக்கிழமை தலைகூட வாரமாட்டேன், யார் பார்க்கப் போகிறார்கள்? பக்கத்து அறை மராத்திக்கார அம்மாள் தினமும் சாயங்காலம், "ஜேவ்லீஸ் கா?" என்பாள், சாப்பிட்டாயா என்று. ஆமாம் என்பதற்கு "ஹோ" என்று சொல்லிக் கதவைச் சாத்திக்கொள்வேன். வீட்டில் நான் பேசிய பேச்சு அநேகமாக அந்த ஒரு வார்த்தைதான்.

ஒரு நாள் குர்லாவில் வண்டி மாறும்போது பிளாட்பாரத்தில் மயங்கி விழுந்தேன். டாக்டர் அம்மாள் பார்த்துவிட்டு, "நோயெல்லாம் ஒன்றுமில்லை, வேளாவேளைக்குச் சோறு சாப்பிடு" என்றார். விஷயம் மதுரைக்கு எட்டிவிட்டது. இன்னொரு தடவை விழுந்தால் வேலையை விட்டுவிட்டு வந்துவிட வேண்டும் என்று அண்ணன் கண்டிப்பாகச் சொல்லிவிட்டார். அண்ணி நல்லவள்தான். ஆனாலும் இன்னொருவர் வீட்டு மூலையில் ஆயுசைக் கழிக்க எனக்கு மனமில்லை. ஆகவே சின்னதாக ஒரு பானை வாங்கக் கிளம்பினேன்.

செம்பூரில் காலை ஒன்பது மணி வண்டி. குர்லாவில் மாறி, சயான் தாண்டினால் மாதுங்கா. காத்திருப்பதையும் சேர்த்து முக்கால் மணி நேரம். டிக்கெட் பதினைந்து பைசா என்று நினைவு. மாதுங்காவில் இறங்கினாலே காதுக்குத் தமிழ் கிடைக்கும். மார்க்கெட்டில் வாழைப்பூவுக்குப் பேரம் பேசுகிறவர்களைக் கேட்பதற்காகவே நான் அங்கே போய் நின்றதுண்டு. யாரும் என்னோடு பேசியதில்லை. என்னிடம் பேச அவர்களுக்கு என்ன இருக்கிறது?

பாத்திரக் கடைக்காரர் பாலக்காட்டுக்காரர். ஒருத்தருக்குச் சோறு வடிக்கிற மாதிரி பானை வேண்டும் என்றேன்.

"ஒருத்தருக்குன்னு யாரும்மா பாத்திரம் வாங்கறா?" என்றார் சத்தமாக. "நம்மகிட்ட நாலு பேருக்குக் கீழ கிடையாது. தாராவில பட்டறைல சொன்னா அடிச்சுத் தருவா."

அவர் தப்பாக ஒன்றும் சொல்லவில்லை. ஆனால் கடையில் நின்ற இரண்டு மாமிகள் திரும்பி என்னை ஏற இறங்கப் பார்த்தார்கள். எனக்கு முகம் சுட்டது.

அங்கிருந்து தாராவிக்கு நடந்தே போனேன், அரை மணி நேரத்துக்கு மேல். அலுமினியத் தகடு தட்டும் சத்தத்தை வைத்தே பட்டறையைக் கண்டுபிடித்துவிடலாம். பட்டறைக்காரர் திருநெல்வேலிப் பக்கத்து முஸ்லிம், கைலியும் பனியனுமாக இருந்தார்.

"வாங்கம்மா. எத்தன பேருக்குப் பொங்கணும்?"

மாமிகளின் பார்வை இன்னும் முதுகில் இருந்தது. "நாலு பேருக்கு" என்றேன்.

"வீட்டுக்காரர் என்ன சோலி பாக்காரு?"

"ரயில்வே."

"ரெண்டு பிள்ளையளா? வளருத பிள்ளையளுக்கு இது காணாதும்மா, பெருசாவே எடுத்துக்கிடுங்க."

ஆக, இல்லாத புருஷனுக்கும் பிறக்காத பிள்ளைகளுக்கும் சேர்த்து நான்கு ரூபாய் கொடுத்து, ஆறு பேர் பானை ஒன்றைத் தூக்கிக்கொண்டு சயானில் ரயில் ஏறினேன். லேடீஸ் டப்பாவில் மரியாதையாக இடம் விட்டார்கள். பானையை மடியில் வைத்துக்கொண்டு, குர்லா வரை நானும் குடும்பஸ்தியாக வந்தேன். அது சுகமாகத்தான் இருந்தது. அறைக்கு வந்து பழைய பானைக்குப் பக்கத்தில் புதுப் பானையை வைத்தபோதுதான் அழுகை வந்தது. அந்த வாரமும் பாவும் டீயும்தான். வியாழக்கிழமை குர்லாவில் மறுபடி கண் இருட்டியது. தூணைப் பிடித்துக்கொண்டதால் விழவில்லை.

அடுத்த ஞாயிறு, புதுப் பானையோடு அதே வண்டி. இந்தத் தடவை மாதுங்கா வேண்டாம் என்று சயானிலேயே இறங்கிவிட்டேன்.

"என்னம்மா, ஓட்டையா?" என்றார் பட்டறைக்காரர்.

"இல்லை, பெரிசு."

"நாலு பேருன்னீங்கள்லா?"

"நான் ஒருத்திதான்."

"அப்பம் ரயில்வேக்காரரு?"

"இல்லை. பிள்ளைகளும் இல்லை."

சிரிப்பார் என்று நினைத்தேன். அவர் உள்ளே போய், ஸ்டவ்வின் மேல் இருந்த கரிபிடித்த குட்டிப் பானையை எடுத்து வந்து என் முன்னால் வைத்தார். "பொண்டாட்டி பிள்ளையெல்லாம் ஊர்லதான். நானும் ஒத்தையிலதான் பொங்கித் திங்கேன். இந்த அளவு போதுமா பாருங்க."

போதும் என்றேன்.

"ரெண்டு விரக்கடை கூட வைக்கேன். ராத்திரி தண்ணி ஊத்தி வச்சா காலைக்கு ஆவும்லா."

பெரிய பானையைத் திருப்பி எடுத்துக்கொண்டு தகட்டை வெட்டினார். அடித்து முடிக்க மத்தியானம் தாண்டிவிட்டது. நான் பெட்டி ஒன்றின் மேல் உட்கார்ந்திருந்தேன்.

அன்று சாயங்காலம் உலை வைத்தேன். தலை வாரிக்கொண்டு, தட்டுப் போட்டு, உட்கார்ந்து சாப்பிட்டேன். சோறும் மோரும் ஊறுகாயும். எதிரே யாரும் இல்லை, சுவர்தான். பானை என் தனிமையைப் போக்கியது என்று எழுதினால் அது பொய். நான் அங்கே இருந்த வருஷங்கள் முழுக்கத் தனியாகத்தான் இருந்தேன். ஆனால் குர்லாவில் மறுபடி விழவில்லை, மதுரைக்கும் போகவில்லை. அன்றிரவு பக்கத்து அறை அம்மாள் "ஜேவ்லீஸ் கா?" என்று கேட்டபோது "ஹோ" என்றேன். கதவை உடனே சாத்தவில்லை.

போகிறவர்களுக்குச் சில விஷயங்கள். மாதுங்காவுக்கு ஞாயிறு காலையிலேயே போய்விடுங்கள், மத்தியானத்துக்கு மேல் கடைக்காரர்கள் ஈ ஓட்டிக்கொண்டிருப்பார்கள். தாராவிக்கு சயானில் இறங்குவதே கிட்டம். அந்தப் பட்டறையைத் தேடாதீர்கள், எனக்கே இப்போது வழி தெரியாது. போய்ச் சேர்ந்த முதல் வாரமே உங்கள் அளவுக்கு ஒரு பானையும் தட்டும் வாங்கிவிடுங்கள். நின்றுகொண்டு சாப்பிடாதீர்கள். லீவு நாளிலும் தலை வாருங்கள். எத்தனை பேருக்கு என்று கடைக்காரர் கேட்பார். ஒருத்திக்கு என்று சொல்லுங்கள். முதல் தடவையே சொல்லிவிட்டால் ஒரு வாரத்துச் சோறு மிச்சம்.