கை நனைத்த மத்தியானம்

எங்கள் பெரியப்பா சாப்பிடுவதைப் பார்ப்பதே ஒரு வேடிக்கை. மலையில் தேயிலைச் செடிகளுக்குக் கவ்வாத்து வெட்டிவிட்டு இறங்கி வந்தால், உறைக்கும் கட்டசம்பலோடு ஆறு ரொட்டி உள்ளே போகும். அப்படிப்பட்டவருக்கு ஒருநாள் ரொட்டி நெஞ்சில் நின்றுவிட்டது. ஏதோ சிக்கியிருக்கிறது என்று தொக்கம் எடுத்தார்கள், விபூதி போட்டார்கள். ரொட்டி அசைந்து கொடுக்கவில்லை. கடைசியில் கண்டி ஆஸ்பத்திரியில், புற்று ஆரம்பத்திலேயே அகப்பட்டது என்று சொல்லி, உணவுக்குழாயை வெட்டியெடுத்து, இரைப்பையைக் குழாயாக்கி மேலே இழுத்துத் தைத்து அனுப்பினார்கள். "எங்க பெரியப்பாவுக்கு வயிறு நெஞ்சுல இருக்கு" என்று பள்ளிக்கூடத்தில் நான் பெருமையடித்துக்கொண்டேன்.

நோயின் பெயரை எங்கள் தோட்டத்து லயத்தில் யாரும் வாய்விட்டுச் சொல்லமாட்டார்கள். அதிலும் பெரியப்பாவின் மகளுக்கு, அதாவது எங்கள் அக்காவுக்கு, ராகலையிலிருந்து சம்பந்தம் பேசிக்கொண்டிருந்த நேரம். பரம்பரை வியாதி என்று அவர்கள் விலகிவிட்டால் அக்காவின் கதி என்ன? அதனால் வயிற்றுப்புண்ணுக்குத்தான் ஒப்பரேசன் என்று சொல்லிவைத்திருந்தார்கள்.

எங்களில், சம்பந்தம் முடிவாகும்வரை பெண்வீட்டில் யாரும் கை நனைக்கமாட்டார்கள். தேத்தண்ணியோடு சரி. முடிவானதும் இரண்டு தகப்பன்மாரும் பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்து சாப்பிட வேண்டும். பெரியப்பாவோ ஒரு வேளைக்கு ஒரு பிடிதான் சாப்பிடலாம். அதற்குமேல் போனால் வேர்த்துக் கொட்டும், நெஞ்சு படபடக்கும், சுருண்டு படுத்துவிடுவார்.

சம்பந்தம் முடிவாகி அவர்கள் கை நனைக்க வந்த அன்று கோழிக்கறி. பெரியப்பா என்னை இடப்பக்கம் உட்காரவைத்துக்கொண்டார். வலப்பக்கம் மாப்பிள்ளையின் தகப்பனார்.

"சம்பந்திக்கு இன்னும் வைங்கம்மா. ஒப்பரேசன் பண்ணுன ஒடம்பு, நல்லா சாப்புடணும்" என்றார் அவர்.

பெரியப்பா சோற்றைப் பிசைந்தார், உருட்டினார், நடுவில் சிரித்துப் பேசினார். சம்பந்தி தன் இலைக்குக் குனியும்போதெல்லாம் ஓர் உருண்டை என் இலைக்கு வந்தது. ஈரலும் காலும்கூட வந்தன. என்மேல் இத்தனை பாசமா என்று பூரித்துப்போய் நானும் விழுங்கிக்கொண்டே இருந்தேன். பெரியப்பாவின் நெற்றியில் வேர்வை வழிந்தது. காரம் என்று சொல்லித் துடைத்துக்கொண்டார்.

இலை சுத்தமானது. "ஆளு பழையபடி ஆயிட்டாரு. இனி நாள் பாத்துருவோம்" என்றார் சம்பந்தி. கதவோரம் நின்ற பெரியம்மா முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு உள்ளே போய்விட்டார்.

நான் மலைத்தண்ணீர் விழும் பீலிக்கரைக்கு ஓடி, தின்றதையெல்லாம் வாந்தியெடுத்தேன். பின்னாலேயே கைகழுவ வந்த பெரியப்பா, இடது கையால் என் தலையைத் தாங்கிக்கொண்டார்.

"அக்காவுக்காகத்தான் தாயி. யார்கிட்டயும் சொல்லிராத."

அக்காவின் கல்யாணத்தை அவர் கண்ணாரப் பார்த்தார். அதற்குப் பிறகும் சில வருஷங்கள் இருந்தார். ஆனால் எந்தப் பந்தியிலும் உட்கார்ந்ததில்லை. யார் வீட்டு விசேஷமானாலும் சாப்பாட்டு நேரத்தில் வெளியே போய் நின்றுகொள்வார்.

அன்று பீலியில் தண்ணீர் கொட்டிக்கொண்டிருக்க, பெரியப்பா கையைக் கழுவாமலே நின்றார். குழம்பு அப்பியிருந்த விரல்களை மூக்கருகே கொண்டுபோய், கண்ணை மூடிக்கொண்டு மோந்து பார்த்தார். மறுபடியும் மோந்தார்.

"கறி கெட்டுப்போச்சா பெரியப்பா?" என்று கேட்டேன்.

"இல்ல தாயி. நல்லா இருக்கு" என்றவரின் கன்னத்தில் கண்ணீர் இறங்கியது. கறி நன்றாக இருந்தால் ஏன் அழவேண்டும் என்று எனக்கு விளங்கவே இல்லை.