முப்பது நாள் தொடாத கோப்புகள்

அவளுடைய நான்கு வருட வேலையை அழித்தது நீங்கள்தான், சார். அவளுடைய கவனக்குறைவு அல்ல.

காக்கநாட்டில் நீங்கள் தலைமை வகிக்கும் கணினி மையத்துக்குச் சேமிப்பு அமைப்பை வரைந்தவன் நான். மூன்று அடுக்கு வரைந்தேன். கணக்கு ஓடும்போது எழுதவும் படிக்கவும் வேகமான வட்டுகள். அதற்குப் பின்னால் மெதுவான பெரிய வட்டுகள். கடைசியில் வருடக்கணக்கில் வைத்திருக்க டேப். பின்னிரண்டையும் பேனாவால் அடித்தீர்கள்.

"பார்க்க வர்றவங்க வேகத்தைத்தான் கேப்பாங்க. டேப்பை யாருக்குக் காட்ட?"

இருந்த இடம் நிரம்பாமலிருக்க, முப்பது நாள் தொடாத கோப்புகளை அழிக்கும் நிரலை எழுதச் சொன்னீர்கள். எழுதினேன்.

வேறு இடம் இல்லாததால் எல்லோரும் எல்லாவற்றையும் அந்த வேகமான வட்டுகளிலேயே வைத்தார்கள். திங்கட்கிழமை சாயாவுக்குப் போகும் முன் அவரவர் ஒரு கட்டளை ஓட்டுவார்கள். கோப்புகளின் தேதி புதிதாகிவிடும். "தொட்டாச்சா?" என்பதுதான் அங்கே காலை வணக்கம். உங்கள் காதிலும் அது விழுந்தது. சிரித்தீர்கள்.

அவள் ஆராய்ச்சி மாணவி. மட்டாஞ்சேரியில் எனக்கு அடுத்த தெரு. வேலியேற்றத்தில், கடல் பொங்கி ஏறும் நேரத்தில், காயல் நீர் எந்தச் சந்தில் எவ்வளவு ஏறும் என்று கணித்துக்கொண்டிருந்தாள். அம்மாவின் ஆபரேஷனுக்காக ஆலுவாவில் ஐந்து வாரம் இருந்தாள். வெளியிலிருந்து மையத்தின் கணினிக்குள் நுழைய முடியாது. அவள் கோப்பை அவளைத் தவிர யாரும் தொடவும் முடியாது. திரும்பியதும் என் மேசைக்கு வந்தாள்.

"சேட்டா, என் ஃபோல்டரை எங்கே மாத்தி வெச்சீங்க?"

"நான் மாத்தலையே."

"களியாக்காதீங்க சேட்டா, விளையாட்டு போதும். சாயா நான் வாங்கித் தரேன், எடுத்துக் குடுங்க."

அழித்தவற்றின் பட்டியலைத் திறந்து காட்டினேன். திரையில் அவள் பெயர் வரி வரியாக ஓடியது.

"எங்க வீட்டுச் சந்தும் இதுல இருந்துச்சு" என்றாள்.

மறுபடி கணக்கை ஓட்ட உங்களிடம் கணினி நேரம் கேட்டாள். அது கிடைக்காவிட்டால் அவளுக்கு ஆய்வேடும் இல்லை, பட்டமும் இல்லை. "மாணவியின் கவனக்குறைவு" என்று எழுதி மறுத்தீர்கள். அந்தக் கூட்டத்தில் நானும் இருந்தேன். வாயைத் திறக்கவில்லை. இன்றும் தெருவில் அவளைக் கண்டால் தலையைக் குனிந்துகொண்டு போகிறேன்.

நீங்கள் அடித்துக் கையெழுத்துப் போட்ட வரைபடம் என்னிடம் இருக்கிறது. பயனாளர்கள் எல்லோரும் கூடும் அடுத்த கூட்டத்துக்கு அதை எடுத்து வருவேன். அழிக்கும் நிரலை எழுதியவன் நான் என்று முதலில் சொல்வேன். பிறகு மைக்கை நீங்கள் வாங்கிக்கொள்ளுங்கள். டேப்பை அடித்தது யார்? அவள் முன்னால், எல்லோர் முன்னாலும் பதில் சொல்லுங்கள்.