ஜூடி போடாத வண்டி

என்னப் பாத்த ஒடனே எல்லாரும் ஒரே கேள்விதான் கேப்பானுங்க. "இன்னா அலெக்ஸு, இந்த பாடிக்கு எம்மாம் பெரிய பைக்கா இர்ந்தாலும் கைல அடங்கிடுமே?" நானும் சிரிச்சிகினே மீசைய நீவிக்குவேன். ஆறடி ஒரு இஞ்சு, நூத்திப் பத்து கிலோ, காசிமேட்டுல பதினஞ்சு வருசம் கர்லாக் கட்ட சுத்துன ஒடம்பு. அடங்கும்னுதான் நானும் நெனச்சிகினு இர்ந்தேன். அந்த நெனப்புல ஒரு பொண்ணோட சோத்துல மண்ணள்ளிப் போட்டேன் மாமு. சொல்றதுக்கு வெக்கமாத்தான் கீது. சொல்லாம முழுங்குனா அத்தவிட அசிங்கம்.

அந்தப் பொண்ணு பேரு ஜூடி. ராயபுரத்துல எங்க சர்ச்சு பங்குதான், பூசைக்கு வந்தா எங்களுக்கு ரெண்டு பெஞ்சு முன்னால குந்துவா. நாலடி பத்து இஞ்சு. நனைஞ்ச துணியோட எடை போட்டாலும் நாப்பத்திமூணு கிலோ தாண்டாது. புருசன்காரன் வேற ஒருத்திய இட்டுகினு போய்ட்டான், பேமானி. ஏழாவது படிக்கிற பொண்ணு மகிமாவையும், அப்பா அம்புரோஸையும் இவ ஒண்டியாத்தான் பாத்துக்குறா.

அம்புரோஸ் பேசின் பிரிட்ஜ்ல ரயில்வே வேலைல இர்ந்த மனுசன். என்ன மாரியே பெரிய உருப்படி. சக்கரைல ஒரு கால எடுத்துட்டாங்க. வாரத்துக்கு ரெண்டு தபா ஆஸ்பத்திரிக்குப் போவணும், கூப்டா எந்த ஆட்டோவும் சந்துக்குள்ள வர்ல. ஜூடி இன்னா பண்ணா தெரிமா? வூட்டு வாசல்ல துரு புடிச்சி நின்ன அவரோட பழைய முன்னூத்தம்பது சிசி வண்டியத் தள்ளிகினு போய் ரிப்பேர் பண்ணா, ஓட்டக் கத்துக்கினா, அப்பனப் பின்னால குந்த வெச்சிகினு கெளம்பிட்டா. முன்னால நாப்பத்திமூணு, பின்னால தொண்ணூறு, அதுவும் ஒத்தக் காலோட ஆடிகினே வர்ற தொண்ணூறு. ரெண்டு பக்கமும் கன்டெய்னர் லாரி. நடுவுல இவ போறத பாத்தா நமக்கு அல்லு வுட்டுடும்.

"சிக்னல்ல உனுக்கு காலே எட்டாதேடி, இன்னா பண்ணுவ?"ன்னு என் பொண்டாட்டி ஆலிஸ் ஒரு நாள் கேட்டா.

"ரெண்டு காலும் இன்னாத்துக்குக்கா எட்டணும்? நிக்கறதுக்கு முன்னாலயே ஹேண்டில்பார நேரா வெச்சிக்குவேன். அப்பால சீட்டுல இப்டி ஒரு பக்கமா நவுந்து ஒரு கால நல்லா ஊனிக்குவேன். அவ்ளோதான்."

நான் பக்கத்துல நாஸ்டா துன்னுகினு இர்ந்தேன். பொம்பளப் புள்ள உதார் வுடுதுன்னு நெனச்சிகினு இன்னொரு இட்லி போடச் சொன்னேன்.

எனுக்கு வேலை எர்ணாவூர்ல. ஃபேக்டரிலருந்து வர்ற புது பைக்குங்கள வரிசையா நிறுத்தி, அப்பால லாரில ஏத்தி அனுப்புற காண்ட்ராக்ட் யார்டு. ஆலிஸ் நச்சரிச்ச நச்சரிப்புல ஜூடியவும் நான்தான் அங்க சேத்து வுட்டேன். எங்க சூப்பர்வைசர் கிருஷ்ணப்பன் கெட்டவர் இல்ல. ஆனா செருப்புக் கடைல காலப் பாத்து சைசு எடுக்கற மாரி, ஆளப் பாத்துதான் வண்டி குடுப்பாரு. ஜூடிக்கு ஸ்கூட்டரு, நூறு சிசி. எனுக்கு இர்க்கறதுலயே பெருசு. அது எனுக்கு ஒரு கெத்து.

போன மாசம் புது மாடல் வந்துச்சி. ரெட்டை சிலிண்டரு, இருநூத்தி நாப்பது கிலோ. கிருஷ்ணப்பன் எல்லாரையும் நிக்க வெச்சி சொல்லிட்டாரு. "இதுல ஒரு கீறல் வுழுந்தாலும், கீழ போட்ட ஆளு வூட்டப் பாத்து போய்க்கினே இர்க்கலாம்." ஜூடி கைய தூக்கினா. "சார், நானும் ஓட்டுறேன்." எல்லாருக்கும் முன்னால நான்தான் சவுண்டு வுட்டேன். "ஏம்மா, அது உன்ன இங்க எறக்கி வுட்டுட்டு எண்ணூருக்குத் தனியா போய்டும்!" யார்டே சிரிச்சிச்சி. அவ சிரிக்கல.

வெள்ளிக்கெழம ஆளு கம்மி. வேற வழியில்லாம கிருஷ்ணப்பன் அவகிட்ட நாலு ரெட்டை சிலிண்டர குடுத்தாரு. கேட்டுலருந்து மதில் ஓரம் வரிக்கும் கொண்டாந்து நிறுத்தணும். நாலையும் கோடு போட்ட மாரி நிறுத்திட்டு, கைய தொடச்சிகினு போய்ட்டா. எனுக்கு செம காண்டு. நான் கெத்தா ஓட்டுற வண்டிய இவ வெளையாட்டா ஓட்டிட்டாளேன்னு.

அஞ்சாவது வண்டிய நான் எடுத்தேன். சாப்பாட்டு டைம், சுத்தி ஒரு ஈ காக்கா இல்ல. மதில் ஓரம் போவணும்னா ஒரு லாரிக்குப் பின்னால வலது பக்கமா முழுசா வளைக்கணும். தரை லேசா சரிவு, மேல மணலு. பாதி வளைவுல லாரியோட டெயில் பலகை மூஞ்சிக்கு நேரா வந்துச்சி. டக்குனு முன் பிரேக்க புடிச்சேன். வண்டி உள்பக்கமா சாஞ்சிச்சி. அட, நமக்கு இல்லாத பலமான்னு ரெண்டு கையாலயும் இழுத்துப் புடிச்சேன். தோளு பட்டை கிழியற மாரி இர்ந்துச்சி. சாயறப்போ அது இருநூத்தி நாப்பதா இல்ல மாமு, ரெண்டாயிரம். பொத்துனு வுழுந்துச்சி.

தூக்கறதுல எனுக்குப் பிரச்சன இல்ல. ஒரே தம்முல நிமித்திட்டேன், அங்க பலம் ஒதவுச்சி, அத்த மறைக்கல. பிரேக் லீவரு வளைஞ்சி கீது, சைலன்ஸர்ல நீட்டா ஒரு கோடு. ஜூடி நிறுத்துன நாலுக்குப் பக்கத்துல அத்தயும் நிறுத்திட்டு, போய் சாப்ட்டேன்.

சாயங்காலம் கிருஷ்ணப்பன் பாத்துட்டாரு. யாரு போட்டதுன்னு அவுரு கேக்கவே இல்ல. என்ன ஒரு தபா அண்ணாந்து பாத்தாரு, ஜூடிய ஒரு தபா குனிஞ்சி பாத்தாரு. அவ்ளோதான் விசாரண.

"நான் போடல சார்."

"பின்ன அலெக்ஸாண்டரா போட்டான்?"

எல்லாரும் சிரிச்சாங்க. நானும் சிரிச்சேன். ஆமா மாமு, நானும் சிரிச்சேன். அவ கழுத்துல இர்ந்த கேட் பாஸக் கழட்டி வாங்கிட்டாரு. திங்கக்கெழமலருந்து வர வேணாம்னு சொல்லிட்டாரு. அவ என் மூஞ்சிய பாத்தா. நான் ஹெல்மெட்ட மாட்டிகினேன்.

ரெண்டு நாளா சோறு எறங்கல. வறுத்த வஞ்சிரத்த தட்டுல வெச்சிட்டு எழுந்துட்டேன்னா, இன்னா ரேஞ்சுல கீறேன்னு ஆலிஸுக்குத் தெரிஞ்சிடும். இன்னாய்யான்னு கேட்டா, ஒண்ணியும் இல்லன்னேன். பாவசங்கீர்த்தனத்துல ஃபாதர்ட சொல்லிடலாமான்னு கூட யோசிச்சேன். ஃபாதர் மன்னிப்பாரு, ஜெபம் சொல்லச் சொல்லுவாரு, எனுக்கு நிம்மதி. வேல போனது அவளுக்குல்ல?

ஞாயித்துக்கெழம பூசை முடிஞ்சி வெளில வந்தா, ஜூடி மகிமாவ தூரமா நிக்க வெச்சிட்டு நேரா என்ட வந்தா. "அண்ணா, வேற எங்கனா வேல இர்ந்தா சொல்லுண்ணா. புள்ளைக்கு இன்னும் ஒண்ணும் சொல்லல." என்ட வந்து கேக்குறா, என்ட!

"நான்தாம்மா போட்டேன்."

அவ திரும்பி மகிமா தூரமா கீறாளான்னு பாத்துகினா. அப்பால கேட்டா, "ஹேண்டில் முழுசா திரும்பிகீறப்போ முன் பிரேக்க புடிச்சியா?"

"ஆமா."

"அப்ப எந்த பயில்வானாலும் போடத்தான் செய்வான். மெதுவா வளைக்கறப்போ அத்த தொடவே கூடாது. பாதி கிளட்ச்சு, லேசா பின் பிரேக்கு, கண்ணு போற எடத்துல இர்க்கணும்." மூச்சு வுட்டுகினா. "வண்டிய போட்டதுக்கு ஒண்ணும் இல்லண்ணா. அன்னிக்கு ஏன் சிரிச்ச?"

நாளைக்கு என்னோட யார்டுக்கு வாம்மான்னேன்.

திங்கக்கெழம அவளையும் இட்டுகினு யார்டுக்குப் போனேன். எல்லார் முன்னாலயும் சொன்னேன், "சார், அத்த போட்டது நான்." கிருஷ்ணப்பன் என் தோள தட்டினாரு. "உன் நல்ல மனசு தெரியும் அலெக்ஸு. அதுக்காக பொய் சொல்லாத." நான் சத்தியம் பண்ணேன். பசங்கல்லாம் அண்ணன் தங்கம்னு சொல்றானுங்க! எனுக்கு வந்துச்சி பாரு கோவம். இந்த ஒடம்பு பொய் சொல்லும்னு எவனும் நெனைக்க மாட்றான், நான் சொல்ற உண்மையதான் பொய்ங்கறான்.

"சாவி குடு சார். அதே எடம், அதே வளைவு. நீயே பாரு."

லீவரு வளைஞ்ச அதே வண்டிய குடுத்தாரு. மணல்ல வளைச்சேன். லாரி நின்ன எடத்துல அன்னிக்கும் ஒரு லாரி. ஜூடி சொன்னதெல்லாம் மண்டைல கீது, கையி கேக்கணுமே! பலகை கிட்ட வந்ததும் வெரலு தானா முன் பிரேக்குக்குப் போச்சி. சாஞ்சிச்சி. தம் கட்டி இழுத்தேன். இந்த தபா வண்டியோட நானும் வுழுந்தேன், வலது கால் அடில.

ஆறு பேரு ஓடியாந்து ஹேண்டில்பார ஆளுக்கொரு பக்கம் இழுத்தானுங்க. ஒவ்வொரு இழுப்புக்கும் என் காலு நசுங்குது. "வுடுங்கடா கஸ்மாலங்களா!"ன்னு கத்தினேன். ஜூடி அவனுங்கள வெலக்கிட்டு வந்தா. மொதல்ல இஞ்சின ஆஃப் பண்ணா. கீர்ல போட்டா. சைடு ஸ்டாண்ட தள்ளி வெச்சா. அப்பால வண்டிக்கு முதுகக் காட்டி, சீட்டுல இடுப்ப முட்டுக் குடுத்துக் குந்தினா. ஒரு கைல ஹேண்டில், ஒரு கைல பின்னால கம்பி. பொடிப் பொடியா காலெடுத்து வெச்சி பின்னாலயே நடந்தா. நாப்பத்திமூணு கிலோ மாமு! வண்டி என் மேலருந்து எழுந்து ஸ்டாண்டுல நின்னுச்சி.

கிருஷ்ணப்பன் நேரா ஆஃபீசுக்குப் போனாரு. டிராயர்லருந்து பாஸ எடுத்தாந்து அவ கைல குடுத்தாரு. "ரெட்டை சிலிண்டர் எல்லாம் இனிமே நீ பாத்துக்கம்மா"ன்னாரு. எனுக்கு ரெண்டு வாரம் லீவு, அப்பால ஸ்கூட்டரு. வண்டியோட கிராஷ் கார்டுக் கம்பி தாங்குனதால எலும்பு தப்பிச்சிச்சி, வீக்கம் மட்டும்தான்.

பசங்க இன்னும் நம்பல. ஜூடிக்காக அண்ணன் வேணும்னேதான் போட்டாருன்னு சொல்லிகினு திரியறானுங்க. மாதா மேல சத்தியமா சொல்றேன், நான் வேணும்னு போடல. போட்டுக் காட்டறேன்னு சாவி வாங்குனாலும், ஏறி குந்துனப்பால எப்டியாச்சும் வுழாம நிறுத்திக் காட்டணும்னுதான் என் மொத்த பலத்தையும் போட்டேன்.

அன்னிக்கு சாயங்காலம் ஜூடி வூட்டுக்கு வந்தா. கட்டுப் போட்ட கால பாத்தா. "வுழாம நிறுத்தத்தானண்ணா பாத்த?"ன்னு கேட்டா. ஆமான்னேன். அவளுக்கு வந்துச்சி பாரு சிரிப்பு, செவுத்த புடிச்சிகினு, கண்ணுல தண்ணி வர்ற வரிக்கும் சிரிச்சா. ஆலிஸும் சேந்துகினா. நான் கால நீட்டிகினு, ரெண்டு பேரும் சிரிச்சி முடிக்கிற வரிக்கும் குந்தினு இர்ந்தேன்.