பாலத்துக்கு ஒரு ஓட்டு

ஆறாம் வகுப்போடு படிப்பை விட்டவன் நான். மரம் வெட்டினேன், பனி தள்ளும் லாரி ஓட்டினேன், பதினெட்டு வருடம் எங்கள் ஊர்க் கூட்டத்துக்குத் தலைமை தாங்கினேன். அப்புறம் அமெரிக்காவின் வெர்மான்ட் மாநிலச் சட்டசபைக்கே ஜெயித்துப் போனேன். எங்கள் வம்சத்தில் வேறு யார் போனார்கள்?

முதல் வாரமே எங்கள் ஊர்ப் பாலத்துக்கான மசோதா வந்தது. ஒவ்வொருவராகப் பெயர் சொல்லி ஓட்டுக் கேட்டார்கள். "பூஷே!" என்று என் பெயர் வந்ததும் நான் வாய் திறக்கவில்லை. ஊர்க் கூட்டத் தலைவர் இரு பக்கமும் சமமானால்தான் ஓட்டுப் போடுவார். அந்தப் பழக்கம் நாக்கைக் கட்டிவிட்டது.

பக்கத்து இருக்கை டெல்மா முழங்கையால் இடித்தாள். "யோவ் பூஷே, இங்க நீயா தலைவரு? அது உன் பாலம்யா!"

பாலம் இல்லாவிட்டால் ஊரார் இருபது மைல் சுற்ற வேண்டும். "போச்சா டெல்மா?"

"விட்டுப்போன பேரை இன்னொரு தடவ கூப்பிடுவாங்க. அப்பவாவது வாயத் திற."

நூற்றுக்கு மேல் பெயர்கள். தாளில் கோடு போட்டு எண்ணினேன். கடைசியில் இரு பக்கமும் சமம்! என் வழக்கப்படியும் நான் ஓட்டுப் போட வேண்டிய நேரம்தான். மறுபடி "பூஷே" என்றார்கள்.

"ஆதரவு!" என்று கத்தினேன்.

"மெதுவாய்யா," என்றாள் டெல்மா. "பாலம் கட்டறதுக்கு முன்னாடியே இடிஞ்சிடப் போகுது."