அண்ணன் திருத்தச் சொன்ன ஒரு பதில்

எங்கள் அண்ணன் எங்களை விட்டுப் போய் இந்தப் புரட்டாசியோடு ஓராண்டு ஆகிறது. நினைவு மலர் அச்சிடுவது என்று முடிவானதும், கட்டுரை எழுதும் வேலை என் தலையில் விழுந்தது. கள்ளக்குறிச்சியில் டைப்பிங் கடை வைத்திருக்கும் தங்கை நான். புகழ்ந்து நாலு பக்கம் அடிப்பது எனக்கு ஒன்றும் கஷ்டமில்லை. எத்தனையோ குடும்பங்களுக்கு அடித்துக் கொடுத்திருக்கிறேன். இந்த ஒன்றை அடிக்கத்தான் கை வர மாட்டேன் என்கிறது.

அண்ணன் பிறந்தது மூங்கில்துறைப்பட்டுக்குப் பக்கத்தில். சொந்த நிலம் கிடையாது. அப்பாவும் அம்மாவும் ஆலைக்குக் கரும்பு வெட்டியவர்கள். வெட்டு நடக்கும் ஊருக்கெல்லாம் பிள்ளையையும் கூட்டிக்கொண்டு போனதில் அண்ணன் பள்ளிக்கூடம் மாறிக்கொண்டே இருந்தார். அப்படியிருந்தும் தாவரவியலில் எம்.எஸ்ஸி. முடித்து, கல்வராயன் மலைக் கடுக்காய் மரங்களைப் பற்றி முனைவர் பட்டத்துக்கும் பதிந்தார். அந்த நேரம் பார்த்து அப்பா படுத்துவிட்டார். நான் பத்தாவது படித்துக்கொண்டிருந்தேன். என் படிப்பை நிறுத்துவதா, தன் படிப்பை நிறுத்துவதா என்று வந்தபோது அண்ணன் தன்னுடையதை நிறுத்தினார். அதை ஒருநாளும் என்னிடம் சொல்லிக் காட்டியதில்லை.

படிப்பை விட்டாலும் ஆராய்ச்சியை அவரால் விட முடியவில்லை. வெளியூரிலிருந்து மலைக்கு வந்த ஆய்வுக் குழுக்களுக்கெல்லாம் அவர்தான் கள உதவியாளர். மண்ணைப் பரிசோதிப்பவர்கள், பூச்சி பிடிப்பவர்கள், மலைச்சாலையின் சரிவை அளக்கும் பொறியாளர்கள், பள்ளியை விட்டு நின்ற பிள்ளைகளைத் தேடி வருபவர்கள் என்று யார் வந்தாலும் வெள்ளிமலை பஸ்ஸில் அவர்களோடு ஏறிவிடுவார். அவர் கையால் நிரப்பி வரும் படிவங்களை நான் கம்ப்யூட்டரில் ஏற்றுவேன். பிறகு அறிக்கை புத்தகமாக வரும். அதில் ‘உள்ளூர் நண்பர்களுக்கு நன்றி’ என்று ஒரே ஒரு வரி இருக்கும். எனக்குப் பற்றிக்கொண்டு வரும். அண்ணன் சிரித்துவிட்டு அடுத்த குழுவுக்குக் கிளம்பிவிடுவார்.

மலையில் மேல்பாறைக்காடு என்று ஒரு சிற்றூர். அங்கே தண்ணீர்த் தொட்டியும் குழாயும் வந்ததே அண்ணனால்தான். சோதனை முயற்சியாக எங்காவது ஒரு தொட்டி கட்டலாம் என்று வந்த பொறியாளர்களிடம் மன்றாடி அந்த ஊருக்கு அழைத்துப் போனார். முதல்முதலாகத் தண்ணீர் வந்த அன்று ஊர்க்காரர்கள் ஒரு குடத்தை அப்படியே அவர் தலையில் கவிழ்த்துவிட்டார்கள். ஈரச் சட்டையோடு வீட்டுக்கு வந்தவரை அண்ணி திட்டித் தீர்த்தார்.

சில ஆண்டுகள் கழித்து, குடிநீர்க் கொள்கை வகுப்பதற்காக மலை முழுக்க ஓர் ஆய்வு நடந்தது. ‘கோடையிலும் குழாயில் தண்ணீர் வருகிறதா?’ என்று அதில் ஒரு கேள்வி. நகரத்திலிருந்து வந்த பேராசிரியை பக்கத்தில் உட்கார்ந்திருக்க, அண்ணன் வீடு வீடாகக் கேட்டு எழுதினார். மேல்பாறைக்காட்டில் கேட்ட அத்தனை பேரும் வருகிறது என்றார்கள். ‘ஆம்’, ‘ஆம்’ என்று நானும் வரிசையாக அடித்துக்கொண்டே போனேன். ஆண்டு முழுவதும் தண்ணீர் கிடைக்கும் ஊர்களின் பட்டியலில் அந்த ஊரும் சேர்ந்தது. புதிய குடிநீர்த் திட்டம் வந்தபோது அந்தப் பட்டியலைப் பார்த்து, இந்த ஊருக்குத் தேவையில்லை என்று விட்டுவிட்டார்கள்.

உண்மையில் மாசி பிறந்துவிட்டால் அந்தக் குழாயில் சொட்டுத் தண்ணீர் வராது. பெண்கள் பள்ளத்தில் இறங்கி ஓடைக் குழியில் மொண்டு வர வேண்டும். அப்படி இறங்கிய ஓர் அம்மா பாறையில் வழுக்கி விழுந்து, இடுப்பு உடைந்து படுத்த படுக்கையானார். சேதி தெரிந்து அண்ணன் ஓடினார். நானும் கூடப் போனேன். அப்படியானால் அன்றைக்கு ஏன் தண்ணீர் வருகிறது என்று சொன்னீர்கள் என்று அண்ணன் கேட்டார். அந்த அம்மா படுத்தபடியே பதில் சொன்னார்.

“அந்த மேடம் பக்கத்துல குந்திகினு இருந்தாங்க. அது நீங்க கொண்டாந்த கொழாயி. வரலன்னு சொன்னா உங்களுக்கு இன்னா மரியாத சாரு? உங்க மொகத்துக்காகத்தான் வருதுன்னுட்டோம்.”

அந்தக் குரலில் குற்றம் சொல்லும் சாயலே இல்லை. அண்ணனைக் கொன்றது அதுதான் என்பேன். மருத்துவர் சிறுநீரகம் என்று எழுதியதெல்லாம் அப்புறம்.

அன்று முதல் அந்தப் பதிலைத் திருத்துவதே அவருக்கு வேலையாகிவிட்டது. பேராசிரியைக்கு எழுதினார். அறிக்கை அச்சாகிவிட்டது, மறு ஆய்வு நடந்தால் கவனத்தில் கொள்கிறோம் என்று மரியாதையாகப் பதில் வந்தது. காய்ந்த குழாயைப் படம் எடுத்துக்கொண்டு குடிநீர்த் திட்ட அலுவலகத்துக்குப் போனார். அங்கே டீ வாங்கிக் கொடுத்து, ஆராய்ச்சி ஒன்று சொல்லும்போது தனி ஆள் சொல்வதை எப்படி எடுத்துக்கொள்வது என்று கேட்டிருக்கிறார்கள்.

“அத எழுதனவனே நான்தாங்கன்னு சொன்னேன் பாப்பா. புத்தகத்தப் பொரட்டிப் பாத்துட்டு, இதுல உங்க பேரு இல்லியேங்கறாரு” என்றார் அண்ணன். அவருக்குச் சிரிப்பதா அழுவதா என்று தெரியவில்லை. நான் அழுதேன்.

வாரம் இரண்டு முறை டயாலிசிஸ் என்றான பிறகும் மனு எழுதுவதை நிறுத்தவில்லை. பேனா பிடிக்க முடியாதபோது அவர் சொல்லச் சொல்ல நான் அடித்தேன். கடைசி வாரத்தில் ஆஸ்பத்திரிக் கட்டிலில் என் கையைப் பிடித்துக்கொண்டு, அதுவரை யாரிடமும் சொல்லாததைச் சொன்னார்.

“தப்பு அவங்களுது இல்ல பாப்பா. அன்னிக்கு அந்தக் கொழாய நான் பாத்தேன். அது வாயில கொளவி கூடு கட்டியிருந்துச்சி. தண்ணி வர்ற கொழாயில கொளவி எப்படிக் கட்டும்? தெரிஞ்சேதான் ஆமாம்னு எழுதனேன். அந்த மேடம் எதிர்ல எனக்கு அசிங்கமா இருந்துச்சி. எங்கனா ஒரு எடத்துல இத அச்சுல போட்டுடு.”

எனக்கு அவர்மேல் கோபம் வந்தது. இன்றும் இருக்கிறது. ஓர் இலையைத் திருப்பி அடிப்பக்கம் பார்க்காமல் அதன் பெயரைச் சொல்லாதவர் எங்கள் அண்ணன். அவரா இப்படி எழுதினார்? அவரிடம் ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம். அந்த நிலையில் அவரைப் பார்த்துக்கொண்டு கேட்க மனம் வரவில்லை.

இதை மலரில் போடாதே என்று சொந்தத்தில் பலர் சொன்னார்கள். நல்ல மனிதருக்குச் செத்த பிறகு ஏன் கெட்ட பெயர், அவர் முகத்துக்காவது விட்டுவிடு என்றார்கள். முகத்துக்காக என்ற சொல்லைக் கேட்டதும் நான் எழுந்து வந்துவிட்டேன். அண்ணிதான், “அவுரு சொன்னத போடு. கேக்கறவங்களுக்கு நான் பதில் சொல்லிக்கறேன்” என்றார். அண்ணிக்கு என் முதல் நன்றி.

டயாலிசிஸ் பிரிவில் அண்ணனைத் தங்கள் வீட்டு ஆள் மாதிரி பார்த்துக்கொண்ட செவிலியர்களுக்கும், முன்சீட்டை அவருக்காக வைத்திருந்த வெள்ளிமலை பஸ் கண்டக்டருக்கும், காரியம் முடியும்வரை எங்கள் வீட்டில் அடுப்பு மூட்ட விடாமல் சமைத்துக் கொண்டுவந்த தெருக்காரர்களுக்கும் நன்றி. மேல்பாறைக்காட்டிலிருந்து காரியத்துக்கு இறங்கி வந்தவர்கள் அன்றும், சார் மேல் தப்பில்லை என்றே என்னிடம் சொன்னார்கள். அவர்களுக்கு எப்படி நன்றி சொல்வது என்று எனக்குத் தெரியவில்லை.

இந்த மலரைப் பெறுகிறவர்களில் ஆய்வாளர்களும் அலுவலர்களும் இருக்கிறீர்கள். அந்த அறிக்கை உங்களிடம் இருந்தால் மேல்பாறைக்காடு என்ற வரியை எடுங்கள். அங்கே ‘ஆம்’ என்பதை அடித்துவிட்டு, ‘இல்லை, மாசி முதல் ஆனி வரை தண்ணீர் வருவதில்லை’ என்று எழுதிக்கொள்ளுங்கள். தவறான பதிலை எழுதியவர் எங்கள் அண்ணன். தட்டச்சு செய்தவள் நான்.