வலைக்கு வெளியே ஒரு தலை

சினோவிக்கு ரொட்டி வண்டி ஓட்டுவதைத் தவிர வேறு பிழைப்பு தெரியாது. விடிந்ததும் கெர்சோன் நகரத்து அடுமனையில் ரொட்டியை ஏற்றிக்கொண்டு ஆற்றோரத்துச் சாலிவ்கா கிராமத்துக்குப் போவான். அங்கே மிஞ்சியிருப்பது கிழடுகள்தான். இவன் போகாவிட்டால் அன்று பட்டினி.

அக்கரையில் எதிரி. ஆளைக் கொல்ல இப்போது அவனுக்குப் பீரங்கிகூட வேண்டாம். குண்டு கட்டிய, தாம்பாளம் அளவு டிரோன் போதும். நிலவறையில் உட்கார்ந்து திரையைப் பார்த்தபடியே துரத்துகிறான். சைக்கிளா, ரொட்டி வண்டியா, அவனுக்கு எல்லாம் ஒன்றுதான். இக்கரையில் அதற்குக் கிடைத்த மருந்து மீன்வலை. சாலை நெடுகக் கம்பம் நட்டு, மேலும் பக்கமும் வலை போர்த்தியிருந்தார்கள்.

"இன்னிக்கோட சரி. நாளைக்கு வண்டியத் தொட்டே, சாவிய ஆத்துல வீசிருவேன்" என்றாள் மனைவி ஒரீஸ்யா.

"ஆத்துப் பக்கம் போனா உன்னையும் சுடுவான். கெணத்துல வீசு."

சட்டைப்பையில் ஒரு சின்னக் கருவி இருந்தது. டிரோனின் ரேடியோ அலை பட்டால் கத்தும். கத்தவில்லையே என்று பாட்டுப் போட்டுக்கொண்டு போனான். ரேடியோ அலை இல்லாமல், கட்டளை வரும் கண்ணாடி இழையை வாலாக இழுத்துவரும் டிரோனுக்கு அது வாய் திறக்காது என்பது தெரியாதவனல்ல. அசட்டை.

தலைக்கு மேல் பட்டென்று சத்தம். ஆக்ஸிலரேட்டரை அழுத்தி மிதித்தான். பின்னால் பார்த்தால், வலை நூல் இறக்கையைச் சுற்றிக்கொள்ள, வயிற்றில் குண்டோடு டிரோன் தொங்கித் துடித்துக்கொண்டிருந்தது. நிற்காமல் போய்ச் சாலிவ்காவில் ரொட்டியைக் கொடுத்தான். பிறகு சிப்பாய்கள் டிரோனைச் சுட்டு வெடிக்க வைத்தார்கள். வலையில் பெரிய பொத்தல்.

மறுநாள் நல்ல மூடுபனி, டிரோனுக்குக் கண் தெரியாது. வண்டியை எடுக்காமல், வலை கட்டுகிறவருக்கு நன்றி சொல்ல நடந்தே போனான். போரில் ஆறு பறிபோன மீனவர் புரோக்கிப் ஏணியில் நின்று பொத்தலைப் பின்னிக்கொண்டிருந்தார்.

"மாமா, உன் வலை என் உசுரக் காப்பாத்துச்சு."

"என் வலையாடா? எவனோ வெளிநாட்டுக் கடல்காரன் அனுப்புன பழைய மீன்வலை. மோந்து பாரு, நாத்தம் இன்னும் போகல."

"நன்றி சொல்லத்தான் வந்தேன்."

"சொல்லிட்டேல்ல? ஏணியப் புடி, ஆடுது."

பிடித்துக்கொண்டு அண்ணாந்தான். பூட்ஸும் இடுப்பும்தான் தெரிந்தன. தலையும் மார்பும் பொத்தலுக்கு வெளியே, திறந்த வானத்தில். சாலையில் போகிறவனுக்கெல்லாம் மேலே வலை இருக்கிறது. அதைக் கட்டுகிறவருக்கு இல்லை. சினோவி ஏணியை இன்னும் இறுக்கிப் பிடித்தான்.

"பனி வெலகுது மாமா, எறங்கு."

"நாலு முடிச்சு பாக்கி. வாய மூடிட்டு காதத் தெற."

காதைத் திறந்து வைத்துக்கொண்டான். கடைசி முடிச்சு விழுந்தது. கிழவர் இறங்கினார். அதன் பிறகுதான் இவன் மூச்சு விட்டான். வீட்டுக்குப் போய் வண்டியை எடுத்து, நேராக அடுமனையில் ரொட்டி ஏற்றினான்.

இன்றுவரை வண்டியை விடவில்லை. திரும்பும்போது எங்கே ஏணி நிற்கிறதோ அங்கே இறங்கிப் பிடிக்கிறான். ஒரீஸ்யா திட்டாத நாளில்லை. திட்டிக்கொண்டே புரோக்கிப்புக்கு உப்பில் ஊறவைத்த தக்காளி ஜாடி கொடுத்தனுப்புகிறாள். உப்பு கூடிப்போச்சு என்று முனகியபடி அவர் ஜாடியைக் காலி செய்கிறார்.